இரண்டு விரல் அகலம்

என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், ஒரு கோல்ஃப் மைதானத்தில் முப்பத்து நாலு வருடம் புல் வெட்டினார். இப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "புல் வெட்டல மாப்ள, மைதானத்தைப் பார்த்துக்கிட்டேன்" என்பார். பதவியின் பெயர் மைதானக் கண்காணிப்பாளர். கீழே பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். அந்தப் பதினாறு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'ஸ்கேல்'. சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். புல்லின் உயரத்தை அதை வைத்துத்தான் அளப்பார். நாலு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால், அன்று யாருக்கும் நிம்மதி கிடையாது.

நான் அதே கிளப்பின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவருடைய மெஷின்களுக்குப் பிளேடு தீட்டுவதும் எண்ணெய் மாற்றுவதும் என் பிழைப்பு. அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. "அன்னைக்கு நான் மட்டும் ஒரு வார்த்தை சொல்லலேன்னா இந்நேரம் நீ எங்க இருந்திருப்பே?" என்பார். "நிம்மதியா இருந்திருப்பேன் மச்சான்" என்பேன். இப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது. எங்களைப் பார்ப்பவர்கள் எலியும் பூனையும் என்பார்கள். எலி யார் என்பதில் மட்டும் கடைசிவரை தகராறு இருந்தது.

அவர் வேலையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கோல்ஃப் மைதானத்தில் கொடி நட்டு, பந்து விழும் குழி இருக்கிற இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல் கம்பளத்தைவிட மட்டமாக இருக்கும். அதைச் சுற்றிக் கொஞ்சம் வளர்ந்த புல். தினமும் விடியற்காலையில் கிரீனை நேர்நேராக வெட்டிவிட்டு, கடைசியாக ஓரத்தை ஒட்டி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில் கை கொஞ்சம் வெளியே போனால் தீர்ந்தது. வளர்ந்த புல்லின் தலை மொட்டையாகி, இரண்டு வாரத்துக்குப் பழுப்பு வளையமாகத் தெரியும். உறுப்பினர்கள் வாயில் விழ வேண்டும். அதனால் மச்சான் ஆட்களுக்கு ஒரே ஒரு வேதம் வைத்திருந்தார்.

"ஓரத்துக்கு ரெண்டு விரல் உள்ள வெட்டு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு வெட்டு."

அப்படித்தான் வெட்டினார்கள். அவர் ஆட்சியில் ஒரு கிரீனிலும் பழுப்பு வளையம் வந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். இருபத்தொன்பது வயதாகிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடிக்கணினியும் கையுமாகத் திரிந்தபோதும் பாப்பாதான். நிலத்தை வடிவமைக்கிற படிப்புப் படித்தாள். பிறகு கோல்ஃப் மைதானங்களை வரைகிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அவள் சேர்ந்த நாளில் மச்சான் பதினாறு பேருக்கும் இனிப்புக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும், "உன் வழிலயா வந்தா? என் வழில வந்தா" என்று சேர்த்துக் கொடுத்தார்.

எங்கள் கிளப் மைதானத்தைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்து, அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டதும், நிறுவனம் வேலையைப் பாப்பாவிடம் கொடுத்ததும் நாங்கள் யாரும் திட்டமிட்டதல்ல. அவளுக்கு அந்த மண் தெரியும் என்று கொடுத்தார்கள். தெரிந்தது உண்மைதான். ஏழு வயதில் விடுமுறை நாட்களில் என் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து, உடைந்த பந்துகளைக் கத்தியால் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவள் அவள்.

திருத்தி அமைப்பது என்ற பேச்சு எழுந்ததுமே கிளப்பில் ஆளுக்கு ஒரு மைதானம் முளைத்துவிட்டது. இளைஞர்கள், "பந்து தேடியே பாதி நேரம் போகுது, மரத்தையெல்லாம் எடுங்க" என்றார்கள். மச்சானின் வயதுக்காரர்கள், "மரம் இல்லாம அது என்ன மைதானம்? இந்தப் பாதை எப்பவும் குறுகலாத்தான் இருந்துச்சு" என்றார்கள். எண்பத்தாறு வயதில் இன்னும் கைத்தடியோடு வந்து ஒன்பது குழி ஆடிவிட்டுப் போகிற வக்கீலய்யா ஒருவர் உண்டு. அவர் சிரித்தார்.

"எப்பவுமா? நான் இங்க சேர்ந்தப்போ ஒரு மரம் கிடையாதுய்யா. வெட்டவெளி. காத்துதான் எங்களுக்கு எதிரி. இதெல்லாம் நேத்து வந்த மரம்."

நேற்று என்பது முப்பத்து மூன்று வருடம். நூற்று நாற்பது கன்றுகள். குழி வெட்டி நட்டவர், அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரே வருடமாகியிருந்த என் மச்சான். இதை நான் அவரிடம் நினைவுபடுத்தினேன்.

"மைதானத்தை மாத்தவே கூடாதுங்கிறீங்க. நூத்தி நாப்பது மரம் வெச்சீங்களே, அது மாத்தினது இல்லையா?"

"அது மாத்தினது இல்ல மாப்ள. வெச்சது."

"ரெண்டும் வேற வேறயா?"

"உனக்கு நட்டு போல்ட்டு தெரியும். இது தெரியாது. போய் வேலையைப் பாரு."

அவர் வேண்டுமென்றே சொன்ன பொய் அல்ல அது. அவர் இருபத்தைந்து வயதில் பார்த்த மைதானம் அவருக்கு ஆதிகாலத்து மைதானம். வக்கீலய்யாவுக்கு அவருடைய வெட்டவெளி. இளைஞர்களுக்கு இன்னும் அப்படி ஒன்று அமையவில்லை, அதனால் அவர்களுக்கு எதை இழந்தாலும் வலிக்காது. எனக்கு மட்டும் எந்த மைதானமும் கிடையாது. என் கண்ணில் பட்டதெல்லாம் தேய்ந்த பெல்ட்டும் மழுங்கிய பிளேடும்தான்.

பாப்பா மூன்று மாதம் உழைத்துப் பதினெட்டுக் குழிகளையும் வரைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் விரித்தாள். தாள் சுருண்டுகொண்டே வந்தது. ஒரு மூலையில் தண்ணீர் ஜாடி, ஒரு மூலையில் அக்காவின் கண்ணாடிக்கூடு, ஒரு மூலையில் என் கை. நாலாவது மூலையில் மச்சான் தன் டீ டம்ளரை வைத்தார்.

"அப்பா, பாருங்கப்பா. அகலமா வழி விட்டிருக்கேன். நேரா அடிக்கத் தெரியாதவங்களும் அவங்களுக்குன்னு ஒரு வழி கண்டுபிடிச்சு கிரீனுக்குப் போகலாம்."

"வழி தப்பினா தண்டனை வேணும் பாப்பா. அதுக்குப் பேருதான் ஆட்டம்."

"தண்டனை இருக்குப்பா. இங்க பாருங்க, இந்த மணல் பள்ளம்..."

"எத்தனை மரம் போகுது?"

"தொண்ணூத்தாறு."

அவர் டம்ளரை எடுத்தார். டீ மிச்சம் இருந்தது. அதைக் குடித்துக்கொண்டே எழுந்து, "அப்புறம் பார்க்கலாம்" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மூலை சுருண்டு வந்து பாப்பாவின் விரல்மேல் விழுந்தது. தாளில் ஒரு வட்டமாக டீக்கறை. அவள் அதைத் துடைக்கப் போய், மை கலைந்துவிடும் என்று விட்டுவிட்டாள். அவர் அந்த வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. தொண்ணூற்றாறு என்ற எண்ணை மட்டும்தான் கேட்டார்.

அடுத்த வாரம் பாப்பா என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். "மாமா, எனக்கு ஒரு குழாய் வேணும். மண்ணுக்குள்ள குத்தி உருவினா, மண் அடுக்கடுக்கா அப்படியே வரணும்" என்றாள். பழைய இரும்புக் குழாய் ஒன்றை நெடுக்கில் பாதி திறந்த மாதிரி அறுத்து, நுனியைத் தீட்டி, மேலே குறுக்குக் கைப்பிடி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டேன்.

"ஒன்பதாவது கிரீன் எனக்குப் புரியல மாமா. மணல் பள்ளம் கிரீனை ஒட்டி இருக்கணும். அப்பத்தானே அது ஆளை மிரட்டும்? ஆனா நாலு மீட்டர் தள்ளி அனாதையா கிடக்கு. எவனும் அங்க அடிக்கிறதே இல்ல. அப்படி ஒரு முட்டாள் எதுக்கு வெட்டியிருப்பான்?"

மச்சான் மறுகோடியில் இருந்த ஒரு மதிய நேரத்தில் நாங்கள் இருவரும் ஒன்பதாவதுக்குப் போனோம். முதலில் கிரீனுக்குள்ளேயே ஒரு குத்து. குழாயை உருவினால், கேக்கை வெட்டிய மாதிரி அடுக்கு அடுக்காக மணல் தெரிந்தது. கிரீன் மட்டமாக இருக்க வருடத்துக்கு இரண்டு தடவை மெல்லிசாக மணல் தூவுவார்கள். கிரீனில் மட்டும்தான் தூவுவார்கள். பிறகு ஓரத்தைத் தாண்டி, வளர்ந்த புல்லில் ஒரு குத்து. அங்கே வெறும் கருப்பு மண் வர வேண்டும். வரவில்லை. மேலே கொஞ்சம் மண், கீழே மணல் அடுக்கு. இன்னும் ஒரு மீட்டர் தள்ளிக் குத்தினோம். மணல். இன்னும் தள்ளி. மணல். நான் டேப்பைப் பிடித்திருந்தேன், அவள் குத்திக்கொண்டே போனாள். நாலு மீட்டர் பத்து சென்டிமீட்டரில், மணல் பள்ளத்தின் உதட்டில், மணல் அடுக்கு நின்றது. சுற்றி எட்டு இடத்தில் பார்த்தோம். எட்டிலும் அதே கதைதான்.

பாப்பா புல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, கிரீன் சுருங்கியிருக்கு."

"கிரீன் எப்படி சுருங்கும்? சட்டையா அது?"

அவள் இரண்டு விரலைச் சேர்த்து ஓரத்தில் வைத்துக் காட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் இரண்டு விரல் உள்ளே. வெட்டாமல் விட்ட அந்தப் புல் வளரும், அதுவே புது ஓரமாகும். அந்தப் புது ஓரத்துக்கு மறுபடி இரண்டு விரல் உள்ளே. வருடத்துக்கு அரைச் சாண் என்று வைத்தாலும் முப்பத்து நாலு வருடத்துக்கு நாலு மீட்டர். ஒரு விரல் அகலம்கூட மாறக் கூடாது என்று கண் கொத்திப் பாம்பாகக் காத்த மனிதர்தான், ஒவ்வொரு விடியற்காலையும் தன் கையாலேயே அதை மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். பதினெட்டுக் கிரீனிலும்.

குழாயிலிருந்து எடுத்த மண்ணை அவள் வரிசையாக வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்தாள். வரைபடத்தை விரித்து, ஒன்பதாவது கிரீனை மணல் பள்ளத்தின் உதடு வரைக்கும் நீட்டித் திருத்தினாள். பிறகு கேட்டாள்.

"இதை அப்பாகிட்ட முன்னாடியே காட்டிடலாமா மாமா?"

இந்த இடத்தில்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். காட்டு என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மூன்றாவது நாள் தன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தானே போய் அளந்து பார்த்திருப்பார். அவர் ஆள் அப்படி. அளந்துவிட்டால் ஒத்துக்கொள்வார். எனக்கு அது தெரியும். ஆனால் எனக்கு வேறு ஆசை. முப்பது வருடமாக எனக்கு வேலை வாங்கித் தந்ததைச் சொல்லிக் காட்டியவர், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"வேணாம்மா. வீட்டுல காட்டினா சண்டைதான். பொதுக்கூட்டத்துல காட்டு. அங்க அவரு வாயைத் திறக்க மாட்டாரு" என்றேன்.

அவள் என் பேச்சை நம்பினாள். சின்ன வயதிலிருந்தே மாமா சொன்னால் நம்புகிறவள்.

கூட்டம் கிளப்பின் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. நூற்றுப் பத்துப் பேர் இருக்கும். ஊழியர்களான நாங்கள் பின்சுவர் ஓரமாக நின்றோம். பாப்பா திரையில் படங்களைக் காட்டிப் பேசினாள். நன்றாகவே பேசினாள். வக்கீலய்யா கைத்தடியைத் தரையில் தட்டி ஆமோதித்தார். ஆனால் நடுவே ஒரு வரிசையில், "அப்பன் இங்க, பொண்ணு அங்க, வீட்டுக்குள்ளேயே முடிச்சுட்டாங்க" என்று யாரோ முணுமுணுத்தது பின்சுவர் வரைக்கும் கேட்டது. மச்சானின் காது சிவந்ததைப் பார்த்தேன். கிளப் தலைவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, "நம்ம கண்காணிப்பாளர் என்ன நினைக்கிறார்னு கேட்டுடுவோமே" என்றார்.

நான் எதிர்பார்க்காதது அதுதான். மச்சான் முன்னால் போனார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"முப்பத்து நாலு வருஷம் ஆச்சுங்க. இந்த மைதானத்தை என் கையில எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே வெச்சிருக்கேன். ஒரு விரல் அகலம்கூட மாத்தல. என் பொண்ணு படிச்சவ, நல்லா வரைஞ்சிருக்கா. ஆனா மாத்துறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பொண்ணுங்கிறதுக்காக ஒத்துக்கிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. என் மச்சானுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல் அது.

பாப்பா கையில் ரிமோட்டோடு திரை ஓரம் நின்றாள். அடுத்த படம் எது என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, அத்தனை தலைகளையும் தாண்டி, பின்சுவர் ஓரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கே வாயைத் திறந்து சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் தலையாவது அசைத்திருக்கலாம். நான் என் செருப்பைக் குனிந்து பார்த்தேன்.

அவள் ரிமோட்டை இரண்டு தடவை அழுத்தினாள். வெள்ளைத் துணியில் வரிசையாக மண் இருந்த படம் கண் சிமிட்டுகிற நேரம் வந்து போயிற்று. "நன்றி" என்று எழுதிய கடைசிப் படம் வந்து நின்றது.

"நடுவுல ஏதோ போச்சேம்மா?" என்றார் வக்கீலய்யா.

"ஒண்ணும் இல்லீங்கய்யா. அவ்வளவுதான்."

அறுபத்தொரு பேர் வேண்டாம் என்றார்கள், நாற்பத்தெட்டுப் பேர் வேண்டும் என்றார்கள். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு இது தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு மாமா" என்றாள். பண்ணினேன்.

நிறுவனம் அவளை வேறு வேலைக்கு மாற்றியது. பெற்ற அப்பாவையே சமாளிக்கத் தெரியாதவள் மற்றவர்களை எப்படிச் சமாளிப்பாள் என்று பேசினார்களாம். ஆறு மாதத்தில் அவள் அதை விட்டுவிட்டு, கடல் தாண்டி ஒரு வேலைக்குப் போனாள். மச்சான் விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "கோவம் இல்லையே பாப்பா?" என்றார். "உங்க மேல எனக்கு என்னப்பா கோவம்?" என்று அவள் சிரித்தாள். அவர் நிம்மதியாக வீடு திரும்பினார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒன்பதாவது கிரீன் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. தோண்டினார்கள். கிரீனின் ஓரத்திலிருந்து மணல் பள்ளம் வரைக்கும் நீளமாக ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டினார்கள். மோட்டாரைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது ஆட்கள் தள்ளி நின்றிருந்தார்கள். மச்சான் அந்த வாய்க்காலுக்குள் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

வாய்க்காலின் சுவரில் மணல் அடுக்கு ஒரு கோடாக, கிரீனுக்கு வெளியே, நாலு மீட்டருக்கு ஓடியது. மேலே முப்பது வருடத்துப் புல். அந்த மணலைத் தூவியவரே அவர்தான். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஓரத்தில் வைத்தார். ஆறு அங்குலம், ஆறு அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"மாப்ள, இது உனக்குத் தெரியுமா?"

பாப்பாவுக்குப் பண்ணிய சத்தியம் நினைவுக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியும் மச்சான்."

"பாப்பாவுக்கு?"

"அவதான் கண்டுபிடிச்சா. அன்னைக்குக் கூட்டத்துல அடுத்த படமே இதுதான்."

"காட்டலையே."

"காட்டல."

"வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்றேன்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டவாவது செய்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்கேலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "கையைக் குடு" என்றார். கொடுத்தேன். பிடித்து மேலே ஏறினார். வேலை வாங்கித் தந்ததை அதற்குப் பிறகு அவர் சொல்லிக் காட்டியதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருக்கிறது.

அன்று மாலையே அவளுக்கு ஃபோன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "பாப்பா, அந்த ஒன்பதாவது..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, அதை விடுங்கப்பா. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் அனுபவம் இல்லாம ஏதோ கிறுக்கி வெச்சேன். இப்ப அந்த வேலையே செய்யறதில்ல. வீட்டுமனைக்கு வடிகால் வரையறேன். நிம்மதியா இருக்கு."

நீங்கள் சொன்னதுதான் சரி என்று மகளே சொன்ன பிறகு, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "உடம்பைப் பார்த்துக்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ஒன்பதாவது கிரீனுக்கு அவரே மெஷினை எடுத்துக்கொண்டு போனார். அறுபது வயதில். கடைசிச் சுற்றை இரண்டு விரல் வெளியே வெட்டினார். வளர்ந்த புல் மொட்டையாகி, பழுப்பு வளையம் விழுந்தது. புகார் வந்தது. தலைவர் கூப்பிட்டு, "என்னய்யா, உங்க கையிலயா இப்படி?" என்றார். "தப்பு என்னோடதுங்க. என் பொண்ணு வரைஞ்ச அந்த வரைபடத்தை இன்னொரு தடவை கமிட்டி பார்க்கணும்" என்றார் மச்சான். தலைவர் சிரித்தார். கூட்டத்தின் குறிப்பேட்டைத் திருப்பி, அவர் பேசியதை அவருக்கே படித்துக் காட்டினார். ஒரு மாதத்தில் மச்சானால் ஒரு சாண் வெளியே போக முடிந்தது. அவர் ஓய்வு பெற்றதும், அவர் இடத்துக்கு வந்தவர் செய்த முதல் காரியம் பழுப்பு வளையத்தை ஒழித்ததுதான். இரண்டு விரல் உள்ளே. மச்சானிடம் வேலை பழகிய ஆள்தான் அவரும்.

பிரிவு உபசார நாளில் கிளப் ஒரு பித்தளைப் பலகை கொடுத்தது. அவர் பெயரும், கீழே ஒரு வரியும்: 'முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒரு விரல் அகலம்கூட மாற்றாதவர்.' அவர் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். அக்கா அதைக் கூடத்துச் சுவரில் மாட்டச் சொன்னாள். நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டியது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா வீடியோவில் வருவாள். அப்போதெல்லாம் மச்சான் ஒரு குறிப்பிட்ட நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருவார். கூனிக் குறுகி உட்காருகிற மனிதர் ஏன் அப்போது மட்டும் ஃபோட்டோவுக்கு உட்காருகிற மாதிரி இருக்கிறார் என்று யோசித்திருக்கிறேன். ஒரு நாள் அக்காவின் கைப்பேசியில் எட்டிப் பார்த்தபோது புரிந்தது. பலகை அவர் தலைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். உள்ளே படுத்திருந்தார். பாப்பா வீடியோவில் வந்தபோது அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா குள்ளம்.

"அம்மா, பின்னாடி என்ன அது? கொஞ்சம் நகரு" என்றாள் பாப்பா. அக்கா நகர்ந்தாள். பாப்பா பலகையை வாய்விட்டுப் படித்தாள். கடைசி வார்த்தை வரைக்கும் படித்தாள். "நல்லா எழுதியிருக்காங்கம்மா" என்றாள். குத்தலே இல்லை. மனதாரச் சொன்னாள்.

உள்ளேயிருந்து மச்சான் போர்வையோடு எழுந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பொய்ம்மா அது."

"அப்பா, படுங்க. காய்ச்சலோட ஏன் எழுந்து வர்றீங்க?"

"எல்லாக் கிரீனும் உள்ள வந்திருக்கு பாப்பா. ஒன்பதாவது நாலு மீட்டர். நான்தான் வெட்டி வெட்டி உள்ள கொண்டு வந்திருக்கேன். உனக்குத் தெரியும்ல?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"தெரியும்ப்பா."

"ஏம்மா சொல்லல?"

"அவ்வளவு பேர் உங்களுக்குக் கை தட்டினாங்க. அப்ப எப்படிப்பா?"

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை கூனித்தான் உட்கார்ந்தார். தலைக்கு மேலே பலகை முழுதாகத் தெரிந்தது.

"அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பறியா? நான் இன்னும் பார்க்கவே இல்ல."

"அது எங்கப்பா இருக்கு... வேலையை விட்டப்ப ஆபீஸ்லயே போட்டுட்டு வந்துட்டேன். அவங்க கிழிச்சுப் போட்டிருப்பாங்க."

"ஒன்பதாவது மட்டுமாவது எப்படி வரைஞ்சேன்னு சொல்லு."

அவள் வெகுநேரம் யோசித்தாள். "ஞாபகம் இல்லப்பா. நிஜமாவே மறந்துடுச்சு."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. டேப்பைப் பிடித்தவன் நான். தாளின் மூலையைப் பிடித்தவனும் நான். கைப்பேசியை வாங்கிச் சொல்ல ஆரம்பித்தேன். கிரீன் மணல் பள்ளத்தின் உதடு வரைக்கும் போகும், இடது பக்கம் ஆறு மரம் எடுத்துவிட்டு வழி அகலமாகும், பயப்படுகிறவன் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகலாம், துணிந்தவன் பள்ளத்தைத் தாண்டி அடிக்கலாம், டீக்கறை விழுந்த மூலையில் பத்தாவது குழி ஆரம்பிக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியதை இரண்டு வருடம் கழித்துக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் உதடு ஒரு தடவை அசைந்தது, ஏதோ திருத்தப் போகிற மாதிரி.

பிறகு, "மாமா, லைன் சரியா கேக்கல. அப்புறம் பேசலாம்" என்றாள்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.